மிகைக்குள் ஒளிந்திருக்கும் குறை

(மாவட்ட நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தில் தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுதுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். என் அம்மாவுக்கு வந்த கடிதம்.

அப்பா காலமான பிறகு அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார். எட்டாவது வரை படித்தவர். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஓர் ஆண்டு ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். அம்மா அதைப் பக்கத்து வீட்டில் பி.காம். படித்துக்கொண்டிருந்த பையனிடம் காட்டியிருக்கிறார். அவன் இரண்டு முறை வாசித்துவிட்டு, "பொதுவா எல்லாருக்கும் அனுப்புற சர்க்குலர் மாதிரி இருக்கு பாட்டி, பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டான். அம்மா அதை மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகி வைத்துவிட்டார். அடுத்த மாதம் பணம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு என்னிடம் சொல்லாமலே இருந்துவிட்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மளிகைக் கடைப் பற்று நோட்டைப் பார்த்துத்தான் விஷயம் எனக்குத் தெரிந்தது.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். நான் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன். எனக்கே மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. 'இன் அகார்டன்ஸ் வித் த எக்ஸ்டன்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் ஆன் த சப்ஜெக்ட்' என்று தொடங்கி, 'ரெக்விசிட் சர்டிஃபிகேட்', 'ஸ்டிபுலேட்டட் பீரியட்', 'ஃபோர்த்வித்' என்று போய், கடைசியில் 'ஃபெய்லிங் விச்' என்று ஒரு மிரட்டலில் முடிந்தது. அவர்கள் கேட்டது லைஃப் சர்டிஃபிகேட். அந்த இரண்டு சொல் கடிதத்தில் எங்குமே இல்லை. எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது இல்லை. யாரிடம், எந்த அலுவலகத்தில், கூட என்ன எடுத்துப்போக வேண்டும் என்பதும் இல்லை. பக்கம் முழுக்க எழுத்து இருந்தது. ஒரு முதியவளுக்குத் தேவையான செய்தி ஒன்றுகூட இல்லை.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சரியாகத்தான் படித்திருந்தான். அதில் படிக்க ஒன்றுமில்லை.

அன்றைக்குப் புரிந்துகொண்டதைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொன்னார். முதல் குற்றம் குன்றக் கூறல், அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. இரண்டாவது மிகைபடக் கூறல். பள்ளிக்கூடத்தில் இவற்றை எதிரும் புதிருமான இரண்டு குற்றங்களாகத்தான் மனப்பாடம் செய்தோம். ஒருவன் குறைத்து எழுதுவான், இன்னொருவன் கூட்டி எழுதுவான் என்று நினைத்திருந்தோம். அம்மாவின் கடிதத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மிகை இருந்ததால்தான் குறை எழுதியவர் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கம் நிரம்பிவிட்டது, எல்லாம் சொல்லியாயிற்று என்று அவர் நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை.

அதனால் தேவையற்ற சொல்லை வெட்டுங்கள் என்று நான் சொல்வது காகிதத்தை மிச்சப்படுத்துவதற்காக இல்லை. வெட்டிப் பார்த்தால்தான் எது விடுபட்டிருக்கிறது என்று தெரியும்.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். விடுப்புக் கடிதம். நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் கடிதமே அதுதான். இதோ ஒன்று, என் வகுப்பில் வந்தது: 'ரெஸ்பெக்டட் சார், வித் டியூ ரெஸ்பெக்ட் அண்ட் ஹம்பிள் சப்மிஷன், ஐ பெக் டு ஸ்டேட் தட் அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் எஸ்டர்டே நைட் ஐ ஆம் நாட் இன் அ பொசிஷன் டு அட்டெண்ட் த காலேஜ். ஹென்ஸ் ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ் அண்ட் ஒப்ளைஜ்.'

47 சொற்கள். நானும் மாணவனாக இருந்தபோது இதையேதான் எழுதினேன். என் ஆசிரியரும் இதையேதான் எழுதியிருப்பார்.

இதை வெட்டத் தொடங்குவோம். 'ரெஸ்பெக்டட்' ஒரு வணக்கம். 'டியூ ரெஸ்பெக்ட்' இன்னொரு வணக்கம். 'ஹம்பிள் சப்மிஷன்', 'பெக்', 'ஹம்ப்ளி', 'கைண்ட்லி', 'ஒப்ளைஜ்'. மொத்தம் ஏழு. வணக்கம் ஒன்று போதும். 'நாட் இன் அ பொசிஷன் டு அட்டெண்ட்' என்பது காய்ச்சல் என்று சொன்னதுமே புரிந்துவிடுகிறது; விடுப்பு கேட்கும்போது இன்னொரு தடவையும் புரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் இவ்வளவு நிற்கும்: காய்ச்சல், நேற்று ராத்திரியிலிருந்து, இரண்டு நாள் விடுப்பு.

இப்போதுதான் ஒரு கேள்வி எழுகிறது. எந்த இரண்டு நாள்? இன்றும் நாளையுமா, நாளையும் மறுநாளுமா? 47 சொற்களில் தேதி இல்லை. வருகைப் பதிவேட்டில் எழுதும் ஆசிரியருக்குத் தேவையானது அது ஒன்றுதான். அந்தக் கடிதத்தை நான் திருத்தி எழுதச் சொன்னபோது அந்த மாணவன் எழுதியது: 'டியர் சார், ஐ ஹாவ் ஹாட் ஃபீவர் சின்ஸ் லாஸ்ட் நைட். ப்ளீஸ் கிராண்ட் மீ லீவ் ஆன் 12 அண்ட் 13 ஜூலை.' 18 சொற்கள். பழைய கடிதத்தில் இல்லாத தேதியும் இதில் இருக்கிறது.

ஆனால் அவன் கொடுக்கும்போது தயங்கினான். "சார், இது மரியாதைக் குறைவா தெரியாதா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். தமிழன் ஆங்கிலத்தை நீட்டி எழுதுவதற்கு முக்கியமான காரணமே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தா, தாருங்கள், வா, வாங்க. பெரியவரிடம் பேசும்போது அந்த 'ங்க' இல்லாமல் நமக்கு வாய் வராது. ஆங்கிலத்தில் 'கிவ்' என்றால் எல்லோருக்கும் 'கிவ்'தான். மாஜிஸ்திரேட்டுக்கும் அதுதான், மளிகைக் கடைப் பையனுக்கும் அதுதான். நமக்கு அந்தச் சொல் சட்டையில்லாமல் நிற்பதுபோல் தெரிகிறது. வாலில் வைக்க முடியாத மரியாதையைத் தலையிலும் தோளிலும் சுமத்துகிறோம். கைண்ட்லி, ஹம்ப்ளி, யுவர் குட்செல்ஃப் எல்லாம் அந்த 'ங்க'வைத் தேடி நாம் கண்டுபிடித்துக்கொண்டவை. இது அறியாமை இல்லை. நல்ல வளர்ப்பு வேறு மொழிக்குள் போய்த் திணறுகிறது, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் மரியாதைக்கு ஒரு 'ப்ளீஸ்' போதும். கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால் 'குட் யூ'. அதற்கு மேல் அந்த மொழியில் மரியாதை என்பது படிக்கிறவரின் நேரத்தை வீணாக்காமல் இருப்பதுதான். அதைத்தான் அந்த மாணவனிடமும் சொன்னேன்.

இந்தப் பணிவு ஆங்கிலத்தை நாமாகவே உண்டாக்கவும் இல்லை. கோட்டையிலும் கலெக்டர் கச்சேரியிலும் வெள்ளைக்காரர்கள் எழுதியதைப் பார்த்து நகல் எடுத்தோம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களும் 'யுவர் மோஸ்ட் ஒபிடியன்ட் சர்வன்ட்' என்றுதான் முடியும். மேலதிகாரி கீழதிகாரிக்கு எழுதினாலும் அப்படித்தான். அது வெறும் வழக்கம். நம் முன்னோர் அதை மனுவில் எழுதியபோது வார்த்தைக்கு வார்த்தை உண்மையாகவே எழுதினார்கள். கலெக்டர் அலுவலக வாசலில் மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக்கொடுத்தவர்களின் ஆங்கிலம், பிறகு பள்ளிக்கூட மாதிரிக் கடிதமாகிவிட்டது. எழுதக் கற்றுக்கொடுத்த ஊரில் வழக்கம் மாறிவிட்டது. நாம் இன்னும் வைத்திருக்கிறோம்.

ஆங்கிலேயர்களுக்கும் இந்த நோய் இருந்தது, நம்மைவிடப் பழைய நோய். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அந்த ஊர் நீதிமன்றங்களில் பிரெஞ்சும் லத்தீனும் புகுந்தன. எந்தச் சொல் யாருக்குப் புரியும் என்று தெரியாததால் இரண்டையும் சேர்த்து எழுதும் பழக்கம் ஊன்றிவிட்டது. 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்பதில் 'வில்' பழைய ஆங்கிலம், 'டெஸ்டமென்ட்' லத்தீன் வழி வந்தது. 'கூட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்' என்பதிலும் முதல் சொல் உள்ளூர், இரண்டாவது பிரெஞ்சு. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. நம் கிரயப் பத்திரத்தில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்று வருவதைப் படித்தவர்களுக்கு இந்த மனநிலை உடனே பிடிபடும். ஒரு சொல்லை விட்டுவிட்டால் சொத்தே போய்விடுமோ என்ற பயம்.

பயத்தோடு கூலியும் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் வழக்கு ஆவணங்களுக்கு நீளத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கும் முறை நெடுங்காலம் இருந்தது. தாள் கூடினால் வரவு கூடும். முதலாம் எலிசபெத் காலத்தில், 1596இல், லண்டன் சான்சரி நீதிமன்றத்துக்கு மில்வர்ட் என்பவர் தொடுத்த ஒரு வழக்கு வந்தது. எதிர்த்தரப்பு வெல்டன். மில்வர்டின் மகன் ரிச்சர்ட் தயாரித்த பதிலுரை 120 தாள். நீதிமன்றம் அதைப் பரிசீலித்து, இதில் பொருந்தும் விஷயம் முழுவதையும் 16 தாளில் அடக்கியிருக்கலாம் என்று கண்டது. அதற்குக் கொடுத்த தண்டனை இன்றைக்கும் சட்டக்காரர்களிடையே பேசப்படுகிறது. ஃப்ளீட் சிறைக் காவலர் அந்த 120 தாள் கொண்ட கட்டின் நடுவில் ஓட்டை போட வேண்டும். ரிச்சர்டின் தலையை அதன் வழியாக நுழைக்க வேண்டும். எழுத்து வெளியே தெரியும்படி தாள்கள் தோளைச் சுற்றித் தொங்க வேண்டும். தலையில் தொப்பியில்லாமல், வழக்குகள் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலைச் சுற்றி அவரை நடத்திக் கூட்டிச்சென்று, அங்கிருந்த மூன்று நீதிமன்றங்களின் முன்னும் நிறுத்திக் காட்ட வேண்டும். பத்து பவுண்டு அபராதம் தனி. எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட செலவுக்காகவும் தனியே ஒரு தொகை.

ஒரு மனிதனை இப்படி அவமானப்படுத்துவதை நான் ஒப்பவில்லை. ஆனால் அந்த நீதிமன்றம் ஒன்றைச் சரியாகக் கண்டுகொண்டது. தேவையில்லாத 104 தாளுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். எதிர்த்தரப்பு அதை நகலெடுக்கக் காசு கொடுத்தது. என் அம்மா மளிகைக் கடையில் பற்று வைத்தார்.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து இதாகா ஊரில் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே வில்லியம் ஸ்ட்ரங்க் என்ற ஆங்கிலப் பேராசிரியர் தன் மாணவர்களுக்காக 1918இல் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்தார். பெயர் 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்'. 43 பக்கம். அதில் ஒரு விதி, தேவையற்ற சொற்களை விட்டுவிடு என்பது. 1919இல் அவரிடம் படித்த இ.பி. வைட் பிற்காலத்தில் பெரிய எழுத்தாளரானார். ஆசிரியர் இறந்த பிறகு 1959இல் அந்தப் புத்தகத்தை விரித்து வெளியிட்டார். அந்தப் பதிப்புதான் உலகம் முழுக்கப் போனது. வைட் தன் ஆசிரியரைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். ஸ்ட்ரங்க் வகுப்பில் தன் பேச்சிலிருந்தும் அவ்வளவு சொற்களை வெட்டிவிடுவாராம். மணி அடிக்க நேரமிருக்கும், சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால் அந்த விதியை மேசைமேல் குனிந்துகொண்டு மூன்று முறை திருப்பித் திருப்பிச் சொல்வாராம்.

இந்தப் புத்தகத்தைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. மொழியியல் அறிஞர் ஜெஃப்ரி புல்லம் 2009இல் கடுமையாக ஒரு கட்டுரை எழுதினார். செயப்பாட்டு வினையைத் தவிர் என்று சொல்லும் புத்தகம், அதற்குக் கொடுக்கும் உதாரணங்கள் பலவற்றில் செயப்பாட்டு வினையே இல்லை என்று காட்டினார். அந்த விஷயத்தில் புல்லம் சொல்வது சரி. 'மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்' என்பதில் என்ன தப்பு? திருடியவன் யார் என்று தெரிந்தால் அல்லவா சொல்வோம்! ஆனால் 'இட் ஹாஸ் பீன் டிசைடட்' என்று எழுதும்போது முடிவெடுத்தவர் யார் என்று எழுதுகிறவருக்குத் தெரியும். தெரிந்தே மறைக்கிறார். சொல் கூடுகிறது, ஆள் காணாமல் போகிறார். அந்த இடத்தில் மட்டும் பேனாவை எடுங்கள்.

சுருக்கி எழுதச் சொன்னவர்கள் பேராசிரியர்கள் மட்டுமில்லை. 1940 ஆகஸ்ட் 9. ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் மேல் பறந்துகொண்டிருந்த நாட்கள். பிரதமர் சர்ச்சில் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு குறிப்பு அனுப்பினார். அறிக்கைகள் நீளமாக இருக்கின்றன, முக்கியமானதைத் தேடுவதிலேயே நேரம் போகிறது, சிறு சிறு பத்திகளில் முக்கியச் செய்தியை மட்டும் எழுதுங்கள், விவரங்கள் வேண்டுமானால் பின்னிணைப்பில் போகட்டும் என்பது அதன் சாரம். நாடு பிழைக்குமா என்ற நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பும் ஒரே பக்கம்தான்.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கருவூலம் எர்னஸ்ட் கௌவர்ஸ் என்ற மூத்த அதிகாரியிடம், அரசு ஊழியர்களுக்காக ஒரு கையேடு எழுதித் தரச் சொன்னது. 1948இல் 'பிளெய்ன் வேர்ட்ஸ்' வந்தது. 1954இல் விரிவான பதிப்பு வந்தது. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் கௌவர்ஸ்தான். ஸ்ட்ரங்க் கட்டளை போடுவார். கௌவர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "இதைப் படிக்கப்போகிறவர் யார் என்று நினைத்துப் பாருங்கள்" என்று சொல்வதுபோல் எழுதுவார். குமாஸ்தாவையும் கேலி செய்யமாட்டார், மனுதாரரையும் கேலி செய்யமாட்டார்.

1979இல் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் க்ரிஸ்ஸி மேஹர் என்ற பெண்மணி, அரசாங்கப் படிவங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து பொதுமக்கள் முன்னால் கிழித்துத் துண்டாக்கினார். லிவர்பூலில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்வயதின் நடுப்பகுதிவரை அவருக்கே படிக்கத் தெரியாது. படிவம் புரியாமல் உதவித்தொகை கிடைக்காமல் போனவர்களை அவர் கண்ணெதிரே பார்த்திருந்தார். அதிலிருந்துதான் பிளெய்ன் இங்கிலிஷ் இயக்கம் பிறந்தது. அந்த அம்மாளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரேஷன் கார்டு உறைதான் ஞாபகம் வருகிறது.

சரி, நம் பேனாவுக்கு வருவோம். தமிழ் பேசுகிற நமக்கு எந்தெந்தச் சொல் கூடுதலாக வந்து ஒட்டிக்கொள்ளும்? நாற்பது வருடக் கட்டுரைத் தாள்களில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதுகிறோம். ஏன்? தமிழில் 'அதைப் பற்றிப் பேசினோம்' என்கிறோம். அந்தப் 'பற்றி' கூடவே வந்துவிடுகிறது. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது. 'ரிட்டர்ன் பேக்' எழுதுகிறோம், 'திருப்பிக் கொடு' என்பதில் உள்ள 'திருப்பி'யும் கூடவே வருவதால். 'ரிபீட் அகெய்ன்' எழுதுகிறோம், 'மறுபடியும் சொல்லு' என்பதால். இந்தத் தப்புகளைச் செய்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர்கள் தமிழை ஒழுங்காக யோசிக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லுக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்று யாரும் திறந்து காட்டவில்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றுவதற்கு இங்கிலாந்துக்காரர் ஒன்றுக்கு மேற்பட்ட சொல் போட்டுச் சொல்வது வழக்கம். நம் நாட்டில் 'ப்ரீபோன்' என்ற ஒரே சொல்லைப் புழக்கத்தில் வைத்தோம். இன்று அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது. சுருக்கம் நமக்கு அந்நியமானது என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது பெரிய விஷயம், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக்கி, அதைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு வினையைக் கொண்டுவருவது. 'இன்வெஸ்டிகேட்' என்றால் போதும். 'கண்டக்ட் அன் இன்வெஸ்டிகேஷன்' என்கிறோம். 'டிசைட்' போதும், 'டேக் அ டிசிஷன்'. 'கன்சிடர்' போதும், 'கிவ் கன்சிடரேஷன் டு'. வேலையைச் செய்வது 'டிசைட்' என்ற வினை. அதை நாற்காலியில் உட்காரவைத்து, அதைத் தூக்க 'டேக்' என்று ஒரு ஆளை வைக்கிறோம். இது ஆங்கிலத்திலிருந்து நம் செய்தித்தாள் தமிழுக்கும் தொற்றிவிட்டது. அமைச்சர் பார்த்தார் என்று எழுதுவதில்லை, 'ஆய்வு மேற்கொண்டார்'. வந்தார் என்பதில்லை, 'வருகை புரிந்தார்'. பேசினார் என்பது 'உரை நிகழ்த்தினார்' ஆகிவிட்டது. ஒரு மொழியில் இந்தக் களையைப் பிடுங்கப் பழகினால் இன்னொரு மொழியிலும் கண்ணில் படும். என் மாணவர்கள் சிலர் ஆங்கிலம் திருத்தக் கற்றபின் தங்கள் தமிழ்க் கடிதத்தையும் திருத்திக்கொண்டு வந்து காட்டியிருக்கிறார்கள்.

வாசல் சொற்கள் என்று ஒரு வகை. 'ஐ வுட் லைக் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டீஸ் தட்' என்று தொடங்கும் வாக்கியத்தில் 'தட்' வரை கையால் மூடிவிட்டு மீதியைப் படியுங்கள். அதுதான் உங்கள் வாக்கியம். 'வெரி', 'ரியலி', 'ஆக்சுவலி' பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எப்படி வெட்டுவது? ஒரு வழி சொல்கிறேன், என்னுடையது இல்லை. வில்லியம் ஸின்ஸர் என்பவர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் எழுத்து சொல்லிக்கொடுத்தார். மாணவர் தாளில் வேண்டாத சொல்லை அவர் அடிக்கமாட்டார். அதைச் சுற்றி அடைப்புக்குறி போடுவார். அதை விட்டுவிட்டுப் படித்துப் பார், வாக்கியம் நிற்கிறதா என்று பார், முடிவு உன்னுடையது. இந்த முறையை நான் கையாண்டபோது ஒன்றைக் கவனித்தேன். சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தால் பிள்ளைகள் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். பென்சில் அடைப்புக்குறி போட்டுக் கொடுத்தால் உட்கார்ந்து படித்துப் பார்ப்பார்கள். சிலர் என்னிடம் வந்து, "சார், இந்த ஒரு சொல் வேணும்" என்று வாதாடுவார்கள். பல தடவை அவர்கள் சொன்னதே சரியாக இருந்திருக்கிறது.

இப்போது பிள்ளைகள் வேலைக்கான விண்ணப்பத்தைக் கணினியிடமே எழுதச் சொல்லிக் கொண்டுவருகிறார்கள். இலக்கணப் பிழை இருக்காது. ஆனால் அதே பழைய நோயைப் புதிய சட்டையில் பார்க்கிறேன். 'பேஷனேட்', 'டைனமிக்', 'ப்ரூவன் ட்ராக் ரெகார்ட்'. ஒரு பெண் கொண்டுவந்த விண்ணப்பத்தில் அடைப்புக்குறி போட்டுக்கொண்டே போனால், அவள் இரண்டு வருடம் ஜவுளிக் கடையில் ஜிஎஸ்டி கணக்குப் பார்த்தவள் என்ற செய்தி மட்டும் எங்கும் இல்லை. அதைத்தான் முதல் வரியில் எழுதச் சொன்னேன்.

அம்மாவின் கடிதத்தை நான் திருத்தி எழுதினேன். அனுப்ப இல்லை, எனக்காக. 'ப்ளீஸ் கிவ் அஸ் யுவர் லைஃப் சர்டிஃபிகேட் பை 30 நவம்பர். இஃப் வி டு நாட் கெட் இட், யுவர் பென்ஷன் வில் ஸ்டாப் இன் டிசம்பர். ப்ளீஸ் பிரிங் யுவர் பாஸ்புக் அண்ட் ஆதார் கார்ட்.' அடியில் அலுவலக முகவரி, ஒரு தொலைபேசி எண். இதை அம்மாவிடம் நீட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். 'நவம்பர்' வந்ததும் நிமிர்ந்து, "முப்பதாந்தேதிக்குள்ளயா?" என்று கேட்டார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தந்தி ஞாபகம் இருக்கும். 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே போட்ட சோதனைக் கம்பியில் தொடங்கிய சேவை, 2013 ஜூலையில் முடிந்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று நாலு சொல். ஆங்கிலம் தெரியாத வீடுகளிலும் அந்த நாலு சொல் தெரியும். என் மாமாவுக்கு அப்படி ஒரு தந்தி வந்தது. ராத்திரி பஸ் பிடித்து ஊருக்கு ஓடினார். வீடு பூட்டியிருந்தது. தாத்தாவை மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். 'மதுரை' என்ற ஒரு சொல்லுக்குக் காசு மிச்சம் பிடித்துவிட்டார்கள். மாமா போய்ச் சேர்ந்தபோது தாத்தாவுக்கு நினைவு தப்பியிருந்தது. குன்றக் கூறலைப் பவணந்தி முதல் குற்றமாக வைத்தார் என்று முன்பே சொன்னேன்.

போன வருடம் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவருடைய சூப்பர்வைசர் திடீரென்று இறந்துவிட்டார். அவர் மலையாளி. அவர் மனைவிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் மாணவர் ஆங்கிலத்தில் இரங்கல் கடிதம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். 'ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்சஸ்', 'இர்ரெப்பரபிள் லாஸ்', 'மே ஹிஸ் சோல் ரெஸ்ட் இன் பீஸ்' என்று எட்டு வரி. என்னிடம் படித்தவர் அல்லவா, அவரே பென்சில் எடுத்து அடைப்புக்குறி போட ஆரம்பித்தார். கடைசியில் ஒரே வரி மிஞ்சியது: 'ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்.' தாளைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "நைட் ஷிஃப்ட்ல ரெண்டு மணிக்குத் தூக்கம் வரும் சார். அவர் வீட்லேர்ந்து பிளாஸ்க்ல கட்டன் சாயா கொண்டுவருவார். எனக்குன்னு ஒரு டம்ளர் தனியா வெச்சிருப்பார். என் மேல கோவமா இருக்கற அன்னிக்கும் ஊத்திக் குடுத்துட்டுத்தான் திட்டுவார்."

அதை எழுதுங்கள் என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினார். இரண்டு மணி, பிளாஸ்க், தனி டம்ளர், திட்டு, எல்லாம் வந்தது. எழுதி முடித்தபோது கடிதம் பழைய எட்டு வரியைவிட நீளமாக இருந்தது. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மேலிருந்து கீழ்வரை படித்தோம். எங்கும் அடைப்புக்குறி போட முடியவில்லை. அப்படியே உறையில் போட்டு ஒட்டினார்.